சாவி கொடுத்த வாட்சும் செல் போட்ட வாட்சும்

விலை குறைந்த வாட்ச் ஒன்றை வடிவமைக்கிறவர் முதலில் யோசிக்க வேண்டியது, எதையெல்லாம் விட்டுவிடலாம் என்பதை. தங்க முலாம் வேண்டாம், தேதி வேண்டாம், தானாகச் சாவி ஏறும் வசதி வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். அதற்கு மேல் கழித்தால் அது வாட்ச் ஆகாது. அந்த இடம் அன்று ஒன்றாக இருந்தது, இன்று வேறொன்றாக இருக்கிறது. எச்.எம்.டி. ஜனதாவையும் கேசியோ எஃப்-91டபிள்யூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின்மூடிகளைத் திறந்தால் இது கண்ணுக்கு நேராகத் தெரியும். முன்னது நம் தாத்தாக்களும் அப்பாக்களும் கட்டியது. பின்னது இன்று பள்ளிப் பிள்ளையும் கட்டுகிறது, பெரிய சம்பளக்காரரும் ஆசைக்கு வாங்கிக் கட்டுகிறார். இரண்டும் சாதாரண மனிதர்களை நினைத்துச் செய்யப்பட்டவை. இரண்டையுமே நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வந்த வழியில் ஒருவரை நாம் இறக்கிவிட்டுவிட்டோம்.

ஜனதா ஒரு வாட்ச் கம்பெனியின் தயாரிப்பு அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். 1953-ல் பெங்களூருவில் அரசு தொடங்கிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், அதாவது எச்.எம்.டி., பெயருக்கேற்ப, கடைசல் இயந்திரம் முதலானவற்றைச் செய்த நிறுவனம். இரும்பை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் சீவத் தெரிந்தவர்கள், வாட்சுக்குள் போகும் பொடிச் சக்கரங்களையும் செய்து பார்க்கலாம் என்று இறங்கினார்கள். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனம் தொழில்நுட்பம் கொடுத்தது. 1961-ல் வாட்ச் ஆலை வந்தது. அதற்கு முன்பு இங்கே கைக்கடிகாரம் என்றால் பெரும்பாலும் சுவிட்சர்லாந்துச் சரக்கு. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்ததால் கடத்தல் வாட்சுக்கென்றே ஒரு சந்தை நடந்தது. அந்த நிலையில், இந்த நாட்டுக் குமாஸ்தாவும் வாத்தியாரும் கண்டக்டரும் வாங்கிக் கட்டக்கூடிய ஒரு வாட்சை இந்த நாட்டிலேயே செய்தது சிறிய காரியம் இல்லை. விலை மலிவு என்று சொன்னாலும் அன்றைய சம்பளத்தில் அது சேர்த்து வைத்து வாங்கும் பொருள். மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் வாட்ச் போட்டதும், ரிட்டையராகிறவருக்கு அலுவலகத்தில் வாட்ச் கொடுத்து அனுப்பியதும் அதனால்தான். ஒருவருக்கு ஆயுளில் ஒரு வாட்ச் என்ற கணக்கு இருந்தது. ஜனதாவின் வடிவமைப்பு முழுக்க அந்தக் கணக்கை நம்பி நிற்கிறது.

முகத்தைப் பாருங்கள். விட்டம் சுமார் 35 மில்லிமீட்டர். இன்றைய ஆண்கள் வாட்சோடு ஒப்பிட்டால் சிறியது, சட்டைக் கைக்குள் அடங்கிப் போகும். வெளிர் டயல், மணிக்கொரு கோடு, நேரான இரண்டு முள், நடுவிலிருந்து ஓடும் நொடி முள். தேதி கிடையாது. பெயரும் ‘17 ஜுவல்’ என்ற குறிப்பும் தவிர எழுத்து அதிகம் இல்லை. பெயரைத் தேவநாகரியில் அச்சிட்ட டயல்களும் உண்டு. மேலே இருப்பது கண்ணாடி என்று நாம் சொன்னாலும் அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக். லேசாகக் குமிழ்ந்திருக்கும், சுலபமாகக் கீறல் விழும். பற்பசையைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் சின்னக் கீறல்கள் போய்விடும் என்பது அன்று வீட்டுக்கு வீடு தெரிந்த வைத்தியம். கீழே விழுந்தால் பொடிப்பொடியாகச் சிதறாது. விரிசல் விட்டால் எந்த ஊரிலும் புதிது போட்டுக்கொள்ளலாம். உயர்ந்த வாட்சின் கண்ணாடிக்கு இல்லாத சௌகரியம் இது. மலிவுக்காகத் தேர்ந்த பொருளே உபயோகத்துக்கும் தோதாக அமைந்துவிட்டது.

உள்ளே இருக்கும் இயந்திரத்துக்கு 0231 என்று எண். இதில் கழிக்கப்பட்டது அலங்காரம் மட்டும். விலை உயர்ந்த வாட்சில் தகடுகளின் மேல் இழை இழையாகக் கோடு போடுவார்கள், ஓரங்களைச் சீவி மெருகேற்றுவார்கள். இங்கே அதெல்லாம் இல்லை. ஆனால் ஓடுவதற்கு வேண்டிய எதையும் விட்டுவிடவில்லை. திருகைத் திருகினால் டப்பாவுக்குள் சுருள்வில் இறுகுகிறது. அது விரிய விரியப் பற்சக்கரங்கள் ஒன்றை ஒன்று தள்ளுகின்றன. கடைசிச் சக்கரத்தை ஒரு சிறு கவை பிடித்துப் பிடித்து விடுகிறது. அந்தக் கவையை ஆட்டுவது பேலன்ஸ் வீல். மயிரிழை போன்ற ஹேர்ஸ்பிரிங்கின் இழுப்பில் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழன்று திரும்புகிறது. மணிக்கு 18,000 அடி, நொடிக்கு 5. ஒரு நாளைக்கு 4,32,000. காதோரம் வைத்தால் கேட்கும் டிக் டிக் அந்தக் கவை பல்லில் இடிக்கும் சத்தம்.

அச்சுகள் இத்தனை தடவை அசைந்தால் பித்தளைத் துளை தேய்ந்து அகன்றுவிடும். அதனால் முக்கியமான துளைகளில் செயற்கை மாணிக்கத்தைப் பதிக்கிறார்கள். 17 ஜுவல் என்பது அதுதான். அது காசுக்கான நகை இல்லை, தேயாமல் இருக்கப் போட்ட கல். கையால் சாவி கொடுக்கும் வாட்சுக்கு 17 கல் இருந்தால் போதும், நிறைவு. ‘பாராஷாக்’ என்று டயலில் சேர்த்திருப்பது பேலன்ஸ் வீலின் அச்சைக் காப்பாற்றும் ஏற்பாட்டை. அச்சின் முனை மிக மிக மெல்லியது, வாட்ச் தரையில் விழுந்தால் முதலில் ஒடிவது அதுதான். அந்த முனையைத் தாங்கும் கல்லைக் குட்டி ஸ்பிரிங் ஒன்றின் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். அதிர்ச்சி வந்தால் கல் கொஞ்சம் நகர்ந்து மறுபடி தன் இடத்துக்கு வந்துவிடும். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவனின் வாட்சுக்கும் இந்தக் காப்பு வேண்டும் என்று முடிவு செய்தவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

எல்லாம் திருகாணிகளால் பூட்டப்பட்டவை. ஒட்டியது, உருக்கியது என்று ஏதும் இல்லை. எந்தப் பாகத்தையும் தனியே கழற்றலாம், கழுவலாம், அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் ஒரு சின்ன நெம்புகோலை மயிரளவு தள்ளிச் சரிசெய்யலாம். சில வருஷத்துக்கு ஒரு முறை எண்ணெய் காய்ந்துபோகும். அப்போது முழுக்கப் பிரித்து, பெட்ரோலில் கழுவி, துளித் துளியாக எண்ணெய் வைத்துத் திரும்பப் பூட்ட வேண்டும். இதையெல்லாம் வாட்ச் கட்டியவர் செய்ய முடியாது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி போட்டு, ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் செய்வார். ஜனதாவை வடிவமைத்தவர்கள் அந்த மனிதர் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார் என்று எடுத்துக்கொண்டுதான் வடிவமைத்தார்கள். சரியாகச் சொன்னால், வாட்சின் பாகங்களில் ஒன்று ஆலைக்கு வெளியே, கடைத்தெருவில் இருந்தது.

வாட்ச் கட்டியவருக்கும் வேலை இருந்தது. காலையில் எழுந்ததும் சாவி கொடுப்பது. இறுகும்போது நிறுத்திவிட வேண்டும் என்று விரலுக்கே தெரியும். ஒரு முறை கொடுத்தால் ஒரு நாளுக்கு மேல் ஓடும் என்றாலும் யாரும் மறுநாள் காலை தவறவிடுவதில்லை. நாளொன்றுக்கு அரை நிமிஷம் முன்னே பின்னே போவது அந்த ரக இயந்திரத்துக்குக் குறையே இல்லை. நகராட்சிச் சங்கு ஊதும்போதோ ரேடியோவில் செய்தி தொடங்கும்போதோ முள்ளைத் திருப்பி வைத்துக்கொள்வார்கள். மழைக்கு மட்டும் அவசரமாகக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார்கள். கண்ணாடிக்குள் ஆவி படர்ந்துவிட்டால் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

இந்த உலகத்தை மாற்றியது குவார்ட்ஸ். 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தபோது அதன் விலை 4,50,000 யென். சாமானியன் கண்ணால் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனால் அதன் அடிப்படைக்குத் தேர்ந்த கைவேலை தேவைப்படவில்லை. குவார்ட்ஸ் படிகத்தைச் சிறு கவை வடிவத்தில் வெட்டி மின்சாரம் கொடுத்தால் இன்றைய வாட்சுகளில் அது நொடிக்கு 32,768 தடவை அதிரும். இரண்டால் 15 முறை வகுத்தால் கிடைப்பது ஒன்று, அதாவது சரியாக நொடிக்கு ஒரு துடிப்பு. வகுக்கிற வேலையைச் சில்லு செய்துவிடும். சில்லின் விலை விழ விழ வாட்சின் விலையும் விழுந்தது.

தமிழ்நாட்டுக்கு இந்த மாற்றத்தில் நேரடிப் பங்கு உண்டு. 1984-ல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை வைத்தது. 1987-ல் வாட்சுகள் கடைக்கு வந்தன. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் வாட்ச் செய்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அதன் உடம்பும் மனசும் சாவி வாட்சிலேயே இருந்தன. டைட்டன் தொடங்கும்போதே குவார்ட்ஸ் பக்கம் நின்றது. பெங்களூருவிலிருந்து ஓசூர் நாற்பது கிலோமீட்டர்தான், வாட்ச் உலகில் அது ஒரு யுகத்தின் தூரமாகிப்போனது. பிறகு அதே வீட்டிலிருந்து விலை குறைந்த சொனாட்டா வந்தபோது சாமானியன் கையில் செல் வாட்ச் நிலைத்துவிட்டது. ஜனதாவுக்கு இயந்திரம் செய்யக் கற்றுக்கொடுத்த சிட்டிசனின் குடும்பத்திலேயே இருக்கும் மியோட்டா, இன்று உலகெங்கும் மலிவு வாட்சுகளுக்குள் போகும் குவார்ட்ஸ் இயந்திரங்களைச் செய்து தள்ளுகிறது.

ஆனால் கழிப்பதில் கடைசி வரைக்கும் போனது டிஜிட்டல் வாட்ச்தான். கேசியோ எஃப்-91டபிள்யூ 1989-ல் வந்தது. வடிவமைத்தவர் ரியூசுகே மோரியாய், கேசியோவில் அவருடைய முதல் வடிவமைப்பே இதுதான். இன்றும் ஏறக்குறைய அதே உருவத்தில் விற்கிறது. 38.2 மில்லிமீட்டர் உயரம், 35.2 அகலம், 8.5 கனம், பட்டையோடு சேர்த்து 21 கிராம். கட்டியிருப்பதே தெரியாது என்று சொல்வது இதற்குப் பொருந்தும். முகம் கருப்பு ரெசின், திரையைச் சுற்றி நீலக் கோடு, ஒவ்வொரு பொத்தானும் என்ன செய்யும் என்று அதனதன் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஜனதாவின் டயல் அமைதியானது. இது தன் வேலைகளை எல்லாம் முகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. எனக்கு இந்த வெளிப்படைத்தன்மை பிடித்திருக்கிறது. பட்டையும் உடம்பும் ஒரே வீச்சில் இறங்குவதால் பக்கவாட்டில் பார்த்தால் மெல்லிசாக, ஒழுங்காக இருக்கும்.

பின்புறம் நான்கு திருகாணிகள். மெல்லிய ஸ்டீல் தகட்டை எடுத்தால் உள்பக்கம் வட்டமாக ஒட்டிய ஒரு தகடு இருக்கிறது. அலாரம் கத்துவது அதுதான். ஒரு துளி ஸ்பிரிங் அதைத் தொட்டு மின்சாரம் கொடுக்கிறது. பின்மூடியே ஸ்பீக்கராக இருப்பது எவ்வளவு சிக்கனமான யோசனை! ஓரத்தில் ரப்பர் வளையம் நீரைத் தடுக்கிறது. நடுவில் சிஆர்2016 என்ற செல். இருபது மில்லிமீட்டர் விட்டம், 1.6 மில்லிமீட்டர் கனம், எண்ணிலேயே அளவு இருக்கிறது. விளக்கையும் அலாரத்தையும் அளவாகப் பயன்படுத்தினால் சுமார் ஏழு வருஷம் வரும். அதற்கு அடியில் பிளாஸ்டிக் சட்டத்துக்குள் சர்க்யூட், கருப்புப் பசை மூடிய ஒரு சில்லு. சுற்றுவது, ஆடுவது, உரசுவது என்று உள்ளே ஏதும் இல்லை. பொத்தானை அழுத்தினால் மட்டும் கொஞ்சம் அசையும். தேய இடமில்லாததால் எண்ணெயும் வேண்டாம், கல்லும் வேண்டாம். கீழே விழுந்தால் ஒடிவதற்கு அச்சும் இல்லை.

இதன் துல்லியம் மாதத்துக்கு முப்பது நொடி முன்னே பின்னே. ஜனதா ஒரு நாளில் தவறவிடுவதை இது ஒரு மாதத்தில் தவறவிடுகிறது. அதற்கு மேல் அலாரம், மணிக்கொரு சத்தம், நொடியில் நூறில் ஒரு பங்கு வரை அளக்கும் ஸ்டாப்வாட்ச், கிழமை, தேதி. அறுபதுகளில் இவ்வளவையும் ஒரே வாட்சில் கேட்டிருந்தால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்திருப்பார். சிக்கனம் இதிலும் தெரியாமல் இல்லை. பச்சை விளக்கு திரையின் இடது ஓரத்தில் மட்டும் இருப்பதால் வலது பக்க எண்களை இருட்டில் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். வருஷம் எது என்று அதற்குத் தெரியாது. அதனால் பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாள்தான், லீப் வருஷத்தில் நாம்தான் திருத்த வேண்டும். நீர் புகாது என்று முகத்தில் எழுதியிருந்தாலும் கை கழுவும்போதும் மழையிலும் தாங்கும் என்றுதான் அதைப் படிக்க வேண்டும், நீச்சலுக்கு இல்லை. ஜனதாவைக் கழற்றிப் பைக்குள் ஒளித்த தலைமுறைக்கு அதுவே பெரிய விடுதலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று ஆண் வாட்ச், பெண் வாட்ச் என்று இரண்டு தனி இயந்திரம் செய்ய வேண்டியிருந்தது. பெண்களுக்கு என்று நகை மாதிரி சுருக்கிய வாட்சில் சக்கரங்களும் சுருங்கின. சிறிய இயந்திரத்தைச் சரியாக ஓட வைப்பது கடினம், டயலில் நேரம் பார்ப்பதும் கடினம். கேசியோவின் அளவு யார் கைக்கும் பொருந்துகிறது, எல்லார்க்கும் ஒரே துல்லியத்தைக் கொடுக்கிறது. மலிவு வாட்சின் வரலாற்றில் இதை நான் பெரிய முன்னேற்றமாக எண்ணுகிறேன்.

அப்படியானால் இழப்பு எங்கே? கும்பகோணத்தில் ஒரு ரிப்பேர் கடையில் இரண்டு வாட்சையும் மேசைமேல் வைத்துக் கேட்டேன். பெரியவர் கேசியோவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல நான் என்ன தம்பி செய்யறது? செல் மாத்திக் குடுப்பேன். அதுக்கு மேல போச்சுன்னா புதுசு வாங்கிக்கிட வேண்டியதுதான்” என்றார். ஜனதாவின் திருகை இரண்டு சுற்றுச் சுற்றிக் காதில் வைத்துக் கேட்டார். “ஓடுது, ஆனா பேலன்ஸ் துள்ளல் கம்மியா இருக்கு. கழுவி எண்ணெ வெக்கணும்.” பேலன்ஸ் வீலின் அச்சு ஒடிந்துவிட்டால்? “கெடைச்சா போட்டுருவேன். இப்ப எங்க கெடைக்குது? இன்னொரு செத்த வாட்சுலேருந்துதான் எடுக்கணும்.” மேசையின் இழுப்பறையை இழுத்துக் காட்டினார். முள் இல்லாத டயல்கள், டயல் இல்லாத இயந்திரங்கள், சின்னச் சின்னப் பிளாஸ்டிக் டப்பிகளில் சக்கரங்கள். அவர் கடையில் வேலை கற்றுக்கொள்ள யாரும் இல்லை. செல் மாற்றுவதற்கு யாரும் வருஷக்கணக்கில் கூட உட்கார்ந்து தொழில் கற்க மாட்டார்கள்.

எஃப்-91டபிள்யூவை இதற்குக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழுதே வராத மாதிரி செய்வதும் வாடிக்கையாளருக்கு மரியாதை செய்வதுதான். எனக்குக் கோபம் வருவது இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும் மூன்றாவது வகை மீது. கனமான உலோக உடம்பு, பளபளக்கும் செயின், டயலில் மூன்று குட்டி டயல்கள், பார்த்தால் ஆயிரக்கணக்கில் விலை போலத் தோன்றும். அந்தக் குட்டி டயல்களில் முள் அசையவே அசையாது, அச்சடித்த படம். உள்ளே இருப்பது இருப்பதிலேயே மலிவான குவார்ட்ஸ், சில மாதத்தில் முலாம் உரிந்து மணிக்கட்டில் பச்சைக்கறை. ஜனதா தன்னைத் தங்க வாட்ச் என்று காட்டிக்கொள்ளவில்லை. கேசியோ பிளாஸ்டிக்கை உலோகம் மாதிரி பூசி மறைக்கவில்லை. மலிவாகச் செய்வது ஒரு கலை, மலிவை மறைப்பது மோசடி. இன்று நடைபாதையிலும் இணையத்திலும் குவிந்து கிடப்பதில் பெரும்பகுதி இரண்டாவது.

2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. செய்தி வந்ததும் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்த ஜனதாக்கள் வெளியே வந்தன, மீதிச் சரக்கை வாங்க ஆட்கள் தேடி அலைந்தார்கள். பெங்களூரு ஜாலஹள்ளியில் இப்போது எச்.எம்.டி.க்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய வாட்ச் சேர்ப்பவர்கள் கூடிவிட்டதால் போலியும் கூடிவிட்டது. பழைய இயந்திரத்தை எடுத்து, டயலைச் சுரண்டி, கண்ணைப் பறிக்கும் பச்சையும் சிவப்பும் அடித்து, ‘புத்தம்புதிய ஜனதா’ என்று விற்கிறார்கள். வாங்க நினைப்பவர் டயலின் எழுத்தை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். ஆலையில் அச்சிட்டது கூர்மையாக இருக்கும், திரும்ப அடித்தது பிசிறோடு தடித்திருக்கும். ஐம்பது வருஷ வாட்சின் டயலில் வெண்மை கொஞ்சம் மங்கி மஞ்சள் பாய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், பளிச்சென்றிருந்தால்தான் யோசிக்க வேண்டும். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

கேசியோவிலும் போலி உண்டு. வலது பக்கப் பொத்தானை மூன்று நொடி விடாமல் அழுத்தினால் அசல் வாட்சின் திரையில் நிறுவனத்தின் பெயர் வரும். அசலாகவே இருந்தாலும், ஏழு வருஷம் கழித்துச் செல் மாற்றும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ரப்பர் வளையம் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும், அந்தத் துளி ஸ்பிரிங் தொலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொலைந்தால் நேரம் காட்டும், அலாரம் அடிக்காது. புதுச் செல் போட்டும் திரை தாறுமாறாகத் தெரிந்தால், சர்க்யூட்டில் ‘ஏசி’ என்று குறித்த இடத்தையும் செல்லின் மேற்புறத்தையும் ஒரு ஊக்கு முனையால் கணநேரம் இணைத்தால் சரியாகிவிடும். வீட்டிலேயே செய்யலாம், ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் போதும். ஆனால் பக்கத்துத் தெருவில் லென்ஸ் இடுக்கியவர் இன்னும் கடை திறந்து வைத்திருந்தால் அவரிடமே கொடுங்கள். அப்படியே அப்பாவின் பழைய வாட்சையும் கையோடு எடுத்துப் போங்கள்.